ராணியின் வலது கை

பார்வையாளர்களுக்கான காட்சியில், கோட்டை அந்தப்புரத்துச் சுவர்களில் ராணி ஒளியாக நடந்துகொண்டிருந்தாள். முகம் யாரோ வரைந்தது. நடை பூங்கோதையுடையது, உடம்பெங்கும் அசைவைப் பதியும் சென்சார் ஒட்டிக்கொண்டு போன வருடம் நடந்து கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம். ஐந்தாம் மாதம் வரவில்லை.

"ராணி வயித்துல கை வச்சுட்டே நடக்குறாங்கக்கா," என்றான் கணினி முன்னால் இருந்த ஜெரால்டு. "அவங்களுக்குப் புள்ளையே கிடையாதாம். வரலாற்றுப் பேராசிரியர் குதிக்கிறாரு. பாக்க வர்றவங்க, ராணிக்கு அஜீரணமான்னு கேக்குறாங்க. கையைத் தொங்கவிட்டு இன்னொரு நடை நடந்து குடுத்துருங்க."

பூங்கோதை மறுபடி சென்சார்களை ஒட்டிக்கொண்டு நடந்தாள். கை சொன்னபடி தொங்கியது. முதல் தடவையிலேயே பிரமாதமாக வந்துவிட்டதென்று ஜெரால்டு கட்டைவிரலை உயர்த்தினான்.

"பழசை அழிச்சிரவா?"

"ஒரு தடவை ஓட்டு."

வலது கையை வயிற்றில் வைத்தபடி ராணி வந்தாள். கீழே எதுவும் தடுக்காத தரையில், பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

"அக்கா, அழிச்சிரவா?"

"வாசல் தாண்டட்டும்ப்பா."

ராணி வாசலை நெருங்கினாள். ஜெரால்டின் விரல் பொத்தான்மேல் இருந்தது. பூங்கோதையின் கை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.