பதிலுக்குப் போனவன்

அடிமை பானூப்பின் மேலாடை ஹொரியோனுக்குத் தோளில் இறுக்கியது. கக்கத்தில் அடுத்தவன் வியர்வை நாறியது. மாற்றுத் துணி எடுக்க உள்ளே போகலாம், கால் நகரவில்லை.

காலையில் தன் வெள்ளை மேலாடையை அவன்தான் பானூப்புக்குப் போட்டுவிட்டான். செருப்பையும் கழற்றிக் கொடுத்தான். வெறுங்காலோடு போனால் அடிமை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

“முதலைக் கோயில்ல உட்கார்ந்திருக்கறவங்க பட்டணத்து அதிகாரிங்க. அவங்களுக்கு என் மூஞ்சி தெரியாது. என் பேரைக் கூப்பிட்டா நீ போய் நில்லு. ஒரு சிட்டிகை சாம்பிராணி, அவ்வளவுதான். நெருப்புல போட்டா, சாமிக்குத் தூபம் போட்டாச்சுன்னு சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. வாங்கிட்டு வந்துடு.”

பானூப் உள்ளங்கையிலிருந்த சாம்பிராணியையே பார்த்துக்கொண்டு நின்றான். “ஐயா, நானும் உங்ககூடத்தானே ஞானஸ்நானம் வாங்கினேன். ஒரே நாள், ஒரே தண்ணி.”

“சக்கரவர்த்தி உத்தரவுடா. சீட்டு இல்லேன்னா செக்கு போயிடும், வீடு போயிடும். உன்னையும் சேர்த்துத்தான் ஏலம் போடுவான். போடா.”

பானூப் போனான். அடிமை வேறு என்ன செய்வான்?

என் கை அதைத் தொடவில்லை, என் கை அதைத் தொடவில்லை என்று ஹொரியோன் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் அந்தச் சொல் அவனுக்கே புளித்துப்போனது. பருப்பும் ரொட்டியும் வைத்தது வைத்தபடி காய்ந்தன.

வெயில் சாய்ந்தும் பானூப் வரவில்லை. சீட்டை மடியில் வைத்துக்கொண்டு கால்வாய்க் கரையில் எங்கேயாவது உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். வந்து நின்றால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. புழுதிக் காலோடு ஒரு நடுத்தர வயதுக்காரர், முதுகில் துணிமூட்டையோடு நின்றார்.

“சமாதானம். என் பேரு கோப்ரேஸ். பக்கத்து ஊர்ச் சபைல உதவிக்காரன். செக்குக்கார ஹொரியோன் வீடு இதுதானே?”

“ஆமா.”

“நீ இங்க வேலை செய்யறவனாப்பா?”

ஹொரியோன் குனிந்து தன்மேல் கிடந்த முரட்டுத் துணியைப் பார்த்தான். உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தான். ஆமாம் என்று தலை ஆடிவிட்டது.

“பழைய துணி இருந்தா கொடு. மெத்துன்னு இருக்கணும். கொஞ்சம் எண்ணெயும் வேணும். சாட்டையடி பட்ட முதுகுக்கு. அவங்கவங்க வீட்டுலேர்ந்து வாங்கிட்டு வர்றேன், இதுதான் கடைசி வீடு.”

“யாருக்கு அடி?”

“ஊரே பேசுது, உனக்குத் தெரியாதா? காலைலேர்ந்து நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா வாயைத் திறக்காம போட்டுட்டு, சீட்டை வாங்கிட்டுப் போயிட்டிருந்தாங்க. திடீர்னு ஒருத்தர் மாட்டேன்னுட்டார். காவல்காரன் சாட்டையை எடுத்துட்டான். அதைப் பார்த்துட்டுப் பின்னாடி நின்ன மீன்காரி தாயிஸ் என்ன பண்ணா தெரியுமா? சாம்பிராணியை அதிகாரி கால்லயே கொட்டிட்டா. ‘மெதுவா அடிங்க சாமி, கூடை தூக்கி ஏற்கெனவே முதுகு பிடிச்சிருக்கு’ன்னாளாம்!”

கோப்ரேஸ் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்புறம் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு மொத்தம் பதினோரு பேர். சிறைக்குள்ள என்னை விடலை. காவல்காரன் வாசல்ல நின்னு பேரை மட்டும் படிச்சான். நாளைக்குக் காலைல எல்லாரையும் பட்டணத்து விசாரணைக்குப் படகுல ஏத்தறாங்களாம்.”

தாயிஸ். நேற்றுகூட எடை குறைகிறது என்று ஹொரியோன் அவளோடு தெருவில் நின்று சண்டை போட்டிருந்தான்.

உள்ளே போனவன் தன் படுக்கைமேல் கிடந்த லினன் விரிப்பை உருவிப் பட்டை பட்டையாகக் கிழித்தான். இதையெல்லாம் பானூப்பும் வரிசையில் நின்று பார்த்திருப்பான். பார்த்த பிறகும் போட்டிருப்பான், நான் சொன்னேன் என்பதற்காக. எண்ணெய் ஜாடியை முழுசாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“இவ்வளவா? மகராசனா இரு.” கோப்ரேஸ் ஜாடியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையை விரித்தார். “வா தம்பி, சமாதான முத்தம் கொடுத்துட்டுக் கிளம்பறேன். அடிமை, எஜமான்னு நமக்குள்ள ஏது?”

ஹொரியோன் பின்வாங்கினான். முதுகு சுவரில் இடித்தது.

“வேண்டாம். என்னைத் தொடாதீங்க.”

“ஏம்பா? என்ன ஆச்சு?”

“நான் அடிமை இல்ல. நான்தான் ஹொரியோன். என் பேர்ல தூபம் போட என் அடிமையை அனுப்பிட்டு, அவன் துணியை மாட்டிக்கிட்டு ஒளிஞ்சிருக்கேன். பதினோரு பேர் அடி வாங்கியிருக்காங்க, நான் சீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். போட்டது அவன் கை, பாவம் என்னோடது. சபைல சொல்லுங்க. என்னை வெளியே தள்ளுங்க. அவனை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க.”

கோப்ரேஸ் ஜாடியை மெல்லத் தரையில் வைத்தார். அவன் முகத்தையும் அந்த இறுக்கமான மேலாடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ, ‘நான்தான் ஹொரியோன், போட மாட்டேன்’னு முதல் அடியை வாங்கினது யாரு?”