மூன்று இருமல், ஒரு தும்மல்

கிட்ட வாங்க, கண்மணிகளே. சாரல் படாமல் இந்தப் பக்கம் நெருங்கி இருங்க. ஒரு பழைய கார் கைமாறிய கதை வைத்திருக்கிறேன். உங்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

“சில்லைப் பார்க்காம, பிரேக்கைப் பார்க்காம கார் வாங்க வந்த ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்” என்றார் முத்தலிப்.

காத்தான்குடியில், வாவிக்கரையை ஒட்டிய வளவில், பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்பவர் அவர். கார் என்றால் பெற்ற பிள்ளை மாதிரி. ‘சில்லு நாலையும் மட்டும் கழற்றித் தாங்க’ என்று கேட்டு வந்த ஒருவரைப் படலை வரை விரட்டியிருக்கிறார்.

எதிரே நின்றவள் தெற்கே அதே வாவிக்கரையில் இருக்கும் பெரியகல்லாற்றுச் சின்னத்தங்கம். கூட வந்தவன் அவள் தம்பி நல்லரத்தினம். ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், புரட்டாதி மாதம்.

“சில்லு கிடக்கட்டும் காக்கா. எஞ்சின் எப்படி?” என்றாள் சின்னத்தங்கம், அண்ணனைக் கூப்பிடும் உரிமையோடு.

முத்தலிப் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். கார் மூன்று தரம் இருமியது, ஒரு தரம் தும்மியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

“இதுதான் இதுட குணம். மூண்டு இருமல், ஒரு தும்மல். அதுக்குப் பிறகு நீங்களா நிப்பாட்டினாத்தான் நிக்கும். முந்தி வச்சிருந்த துரை நேரத்துக்கு எண்ணெய் மாத்தினவர். ஆனா ஒண்டும் ஒளிக்க மாட்டன் தங்கச்சி. அடித்தகடு உப்புக்காத்தில துருப்பிடிச்சிட்டு. பிரேக் மிதிச்சா பத்தடி தள்ளித்தான் நிக்கும். ரேடியேட்டர் ஒழுகுது, வழி நெடுகத் தண்ணி ஊத்தோணும்.”

“தண்ணிக்கு என்ன குறை” என்றாள் அவள்.

நல்லரத்தினம் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, எஞ்சினின் நீள அகலத்தை அளந்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, எஞ்சினுக்குச் சட்டை தைக்கப் போறியா?”

“ஓம் காக்கா, பெருநாளுக்கு.”

முத்தலிப் சிரித்துவிட்டு, கொட்டிலுக்குள் நின்ற இன்னொரு வண்டியைக் காட்டினார். “அவசரமில்லாட்டி அதைப் பாருங்க. பற்றறியில ஓடுறது. ஒரு துரைசானி ஆசைக்குக் கப்பலில எடுப்பிச்சது. இருமலும் இல்ல, தும்மலும் இல்ல, பூனை மாதிரிப் போகும்.”

“அதுக்கு என்ன தீனி?”

“கரண்ட். பட்டணத்துக்குக் கொண்டு போய் ராவு முழுக்க ஏத்தோணும்.”

“எங்கட ஊரில விளக்குக்கே கரண்ட் இல்ல. பாதி வழியில பசிச்சா நான் என்னத்தை ஊட்டுற?”

“அதுவும் சரிதான். பற்றறி செத்தா, புதுசு வாங்குற காசுக்கு இன்னொரு காரே வாங்கலாம்.” முத்தலிப் அவள் முகத்தைப் பார்த்தார். “அதுசரி, எதுக்குக் கார்?”

சின்னத்தங்கம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“மகள் கண்ணகைக்கு இது ரெண்டாம் பேறு. போன மாரி மழையில வலி கண்டு, மாட்டு வண்டிலில பட்டணத்து ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டம். வண்டில் சேத்தில புதைஞ்சு போச்சு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை இல்ல. இந்த மார்கழியில திரும்ப மாசம் நிறையுது.”

முத்தலிப் எஞ்சினை நிறுத்தினார்.

“அப்ப இதை வாங்காத தங்கச்சி. வண்டில் புதைஞ்ச ரோட்டில கார் எப்படிப் போகும்? மாரியில அங்க முழங்கால் தண்ணி. விக்கிறவன் நானே சொல்லுறன்.”

அவள் கழுத்திலிருந்த அட்டியலைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். “கோர்னையும் சேர்த்துத் தாங்க காக்கா. அது நல்லாச் சத்தம் போடுமா?”

ஓட்டத் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை என்று, காருக்கு முன்னால் இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. முத்தலிப் மட்டும் சிரிக்கவில்லை.

மார்கழி வந்தது. மழை பத்து நாளாக விடவில்லை. நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்த முத்தலிப் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

“பிசைஞ்சிட்டே இருக்கீங்க, தின்னல்ல” என்றாள் மனைவி கைறுன்னிஸா.

“அந்த அட்டியலை வாங்கினது பாவம். கார் எந்தச் சேத்தில கிடக்கோ, அந்தப் பிள்ளைத்தாச்சி என்ன ஆனாளோ. மழை விட்டதும் கொண்டு போய்த் திருப்பிக் குடுக்கோணும்.”

“அவ கேட்டுத்தானே வாங்கினா.”

“ஓடாதெண்டு தெரிஞ்சு வித்தவன் நான்தானே.”

சொல்லி முடிக்கவில்லை, வெளியே மழைக்குள் ஏதோ இருமியது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு தும்மல்.

கையைக் கூடக் கழுவாமல் முத்தலிப் ரோட்டுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீர், ஒரு சைக்கிள்கூட இல்லை. பாம் பாம் என்று கோர்ன் அடித்தது. சத்தம் வந்தது ரோட்டிலிருந்து அல்ல, வீட்டின் பின்பக்கத்திலிருந்து.

வளவைச் சுற்றிக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடினார். பட்டணத்துப் பக்கமிருந்து வந்த நீளத் தோணி ஒன்று கரையோரம் நின்றது. கோர்னை அமுக்கிக்கொண்டிருந்தவன் நல்லரத்தினம். ஓலைக் கூரைக்குக் கீழே கண்ணகை, மடியில் துணி சுற்றிய ஒரு பச்சைப் பிள்ளை. தோணியின் நடுவில், பலகையில் இறுக்கி, அவருக்குக் கேட்கட்டும் என்று மறுபடி கிளப்பிவிட்ட முத்தலிப்பின் கார் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“காரைப் பிரிச்சதுக்கு ஏசாதீங்க காக்கா” என்றாள் சின்னத்தங்கம். “முதல்ல பேத்தியைப் பாருங்க, பிறகு ஏசுங்க.”

உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளையும் நெல்லும் நல்ல சேதியும், ரோட்டால் முடியாவிட்டால் தண்ணீராலாவது நேரத்துக்கு வந்து சேரட்டும், கண்மணிகளே.