மூக்கு அரித்த காரணம்

மேசையில் படுத்திருந்தவர் சட்டென்று வலது கையைத் தூக்கினார்.

தூக்க வைத்தது டாக்டர்தான். திறந்த மண்டைக்குள், மூளையின் மேல், மெல்லிய கம்பியால் துளி மின்சாரம் வைத்தார். கை எழும்பியது. அவ்வளவுதான் சங்கதி.

கையை ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டார்.

"மூக்கு அரிச்சுது டாக்டர், அதான்."

முகமூடிக்குள் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற கூத்து! மூளைக்கு வலி கிடையாது. ஆளை விழிக்க வைத்துப் பேசவிட்டே கட்டியை எடுப்பார்கள். கம்பி பட்டுக் கை எழும்பினால், காரணமும் கூடவே வந்துவிடும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம்.

பொய் என்று நினைத்துவிடாதே, பாவம், சத்தியமாக நம்பித்தான் சொல்கிறார் என்றார் நர்ஸிடம்.

படுத்திருந்தவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர். கை கால் போனாலும் போகட்டும், பேச்சை மட்டும் விட்டுவையுங்கள் என்று காலையில் அழுதிருந்தார். அது என் பொறுப்பு என்று டாக்டரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதனால் பொறுமையாகத் தேடினார். கம்பி பட்டுப் பேச்சு தடைபட்ட இடத்திலெல்லாம் ஒரு குட்டிச் சீட்டு வைத்தார். சீட்டு இருக்கும் இடத்தில் கத்தி படக்கூடாது.

பிறகு கட்டியை எடுக்க ஆரம்பித்தார். படுத்திருந்தவர் தன் தொழில் ராகத்திலேயே, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஒவ்வொரு ரயிலாக விட்டுக்கொண்டிருந்தார். அறையே சிரித்தது.

பாதி வாக்கியத்தில் குரல் நின்றது.

நர்ஸ் கூப்பிட்டாள். அவர் வாயைத் திறந்தார். கண்ணில் நீர்தான் வந்தது, சொல் வரவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். கத்தி முனை சீட்டுகளின் நடுவே நின்றது. கட்டி அந்தப் பக்கமே இல்லை. அங்கே போகலாம் என்று அவர் நினைக்கவும் இல்லை.

அங்கே எதற்கு வெட்டினீர்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"ரத்தம் கசிஞ்சுது, அதான்."

டாக்டரின் பதில் உடனே வந்தது. நிதானமான குரலில், தடுமாற்றமே இல்லாமல் வந்தது.

நர்ஸ் சுவரில் இருந்த திரையில், பதிவான காட்சியைப் பின்னுக்கு ஓட்டிக் காட்டினாள். கத்தி படும்வரை அந்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

டாக்டர் மறுபடியும் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

ரத்தம் கசிந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.