சின்னதுரையின் கண்ணீர்

"கொழந்த செத்துத்தான் ஆகணும் பாய். பொழைச்சிட்டா கதை நிக்காது" என்றார் இளஞ்செழியன்.

சர்புதீனின் விரல்கள் தட்டச்சு இயந்திரத்தின் மேல் அப்படியே நின்றன. "இல்ல சார், சும்மா கேட்டேன். நீங்க நெனச்சா பொழைக்க வெக்கலாந்தானே?"

"வெக்கலாம். எழுதறவன் கையிலதான எல்லாம் இருக்குது? ஆனா படிக்கறவன் நெஞ்சுல தைக்காதே."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது சர்புதீனின் தட்டச்சுப் பயிலகம். இளஞ்செழியன் தியாகதுருகத்தில் தமிழாசிரியர். கையெழுத்து புரியவில்லை, தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லிவிட்டதால், மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் நாவலோடு படியேறி வருகிறார். எத்தனை பக்கம் ஆயிற்று என்பதைத் தவிர சர்புதீனிடம் அவர் வேறு எதையும் விசாரித்ததில்லை.

நாவல், இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தைப் பற்றியது. முதல் எட்டு அத்தியாயங்களையும் பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருந்தார். 'எல்லாம் மேடைப் பேச்சாக இருக்கிறது. கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு அத்தியாயம் எழுதி அனுப்புங்கள், புத்தகம் போடுகிறேன்.'

அப்படி எழுதியதுதான் ஒன்பதாவது அத்தியாயம். மற்றவற்றை வாரத்துக்கு ஒன்றாக அடித்துக் கொடுத்த சர்புதீன், இதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

சாலை மறியல் அன்று, பிரசவ வலியோடு ஒரு பெண் வேனில் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம். புருஷன் இறங்கி ஓடிவந்து கெஞ்சுகிறான். மரத்தின் மேல் கோடாலியோடு நிற்கும் கதாநாயகன் சின்னதுரை அதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். வழிவிடச் சொல்லிக் கூட்டத்திடம் மன்றாடுகிறான். யாரும் கேட்கவில்லை. குழந்தை வேனிலேயே பிறந்து இறந்துவிடுகிறது.

இளஞ்செழியன் அடித்து முடித்த தாள்களை எடுத்து வாய்விட்டுப் படித்தார். சின்னதுரை அழும் இடத்தில் அவர் குரலும் தழுதழுத்தது. தன் எழுத்துக்குத் தானே கலங்குவது அவருக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பக்கத்தில் நின்றார்.

"பாய், வெள்ளை வேன்னுதான எழுதியிருக்கேன்? பச்சைன்னு அடிச்சிருக்கீங்க."

"பச்சைன்னா வந்துட்டுது? தப்புதான் சார்."

பிழை விடாத மனிதர் அவர். இளஞ்செழியன் அந்த வார்த்தையின் கீழ் நகத்தால் கோடிட்டார். பிறகு கேட்டார்: "சரி, மொதல்ல படிச்ச ஆளு நீங்க. எப்படி இருக்குது?"

"மத்ததெல்லாம் கேள்விப்பட்டு எழுதினாப்பல இருக்குது சார். இது மட்டும் கிட்ட நின்னு பாத்தாப்பல இருக்குது. மரத்துல வெட்டுன எடத்துல ஈரம் கசியறதுகூட வுடாம எழுதியிருக்கீங்க. நேர்ல பாத்தீங்களா?"

"நானா? அந்த வாரம் நான் இங்க இல்லவே இல்ல. திருக்கோவிலூர்ல மாமனார் வூட்ல இருந்தேன். எல்லாம் கற்பனைதான். நாவல் எழுதறதுன்னா அதான் பாய்."

சர்புதீன் தலையாட்டினார். "கோரிக்கை நியாயந்தான் சார். வேலை கெடைக்காத புள்ளைங்க எத்தினி பேரு இங்க வந்து டைப் அடிச்சிக்கினு கெடக்குதுங்க, பாத்துக்கினுதான இருக்கேன்."

"அதத்தான் சொல்றேன். போராட்டமும் நியாயம், அந்தப் பொம்பளையோட வலியும் நியாயம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கினவன் சின்னதுரை. அவன் கண்ணீர்தான் நாவலுக்கே உசுரு. அது இல்லன்னா அவன் மேல ஒருத்தனுக்கும் எரக்கம் வராது."

"அதுக்குத்தான் கொழந்த சாவணுமா சார்?"

"ஆமா பாய். அது செத்தாத்தான் இவன் அழ முடியும்."

சர்புதீன் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். கடைசி நான்கு வரிகளை அடித்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. தாளை உருவினார், கார்பனைப் பிரித்தார், அசலையும் நகலையும் அடுக்கி ஓரம் தட்டி நேராக்கினார்.

இளஞ்செழியன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணித் தபாலில் சேர்த்துவிட்டால் திங்கட்கிழமை சென்னையில் இருக்கும். "குடுங்க பாய். அந்தப் பச்சைய நானே பேனாவுல திருத்திக்கறேன்."

"குடுக்கறேன் சார். இன்னொரு தப்பும் இருக்குது."

"டைப்புலயா?"

"டைப்புல இல்ல. கதையில." சர்புதீன் தாள்களைக் கையிலேயே வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் முதன்முறையாக இளஞ்செழியனின் முகத்தை நேராகப் பார்த்தார். "சின்னதுரை அழுதான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அதுல இன்னா தப்பு?"

"உங்க காலப் புடிச்சிக்கினு நான் கெஞ்சினப்போ, நீங்க அழல சார். சிரிச்சீங்க."