பால் பூத்தில் ஒரு கூடுதல் ஆள்

எண்பத்தாறில் தில்லி நேரு பிளேஸில் டிவி விளையாட்டுகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வள்ளியம்மை வேலை பார்த்தாள். ஆர்.கே.புரத்தில் தான் தினமும் நிற்கும் பால் பூத்தையே ஒரு விளையாட்டாக்கினாள். வரிசையில் ஐந்து பேர். பால் தீர்வதற்குள் கடைசி ஆளைப் பூத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது, திரையில் கடைசி ஆளுக்கு முன்னால் கூடுதலாக இன்னொருவர் நின்றார்.

"சார், இந்த ஆளை நீங்க வெச்சீங்களா?"

பக்கத்து மேசை சிவஞானம் எட்டிப் பார்த்தார். "நீதாம்மா வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். அதில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதினாள். கூடுதல் ஆள் போய்விட்டார்.

மறுநாள் காலை பூத்து வரிசையில் கடைசியாக நின்ற அவளுக்கு முன்னால் ஓராள் இடம் காலியாகக் கிடந்தது. நகர்ந்து நிற்கப் போனவளை, அதற்கு முன்னால் நின்ற பொன்னம்மாள் தடுத்தாள்.

"அங்க ஆள் இருக்காங்கல்ல?"

"யாரும் இல்லையேக்கா!"

பொன்னம்மாள் காலியிடத்தைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. காலியிடமும் கூடவே நகர்ந்தது. வள்ளியம்மையின் முறை வந்ததும் பால்காரர் கையை விரித்தார்.

"கதம் ஹோ கயா, பஹன்ஜி. பால் தீந்துடுச்சு. உங்க முன்னாடி நின்னவங்க கடைசிப் பாலை வாங்கிட்டாங்க."

பூத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாகச் சிந்தியிருந்தது. அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிந்தியிருந்தது. அவள் தனியாகக் குடியிருந்த வீட்டின் மாடிப்படியிலும் சிந்தியிருந்தது.

கதவில் அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவள் கையில் இருந்தது. உள்ளிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது.