விரதப் பால்

மலேசியாவின் குளுவாங் நகரக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் ஷர்மினியின் முகம் மலர்ந்தது.

“கெட்ட கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு, அங்கிள். மாத்திரை வேலை செய்யுது.”

சின்னத்தம்பி இதற்காகத்தான் காத்திருந்தார். “மாத்திரையா? தைப்பூச விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கே அதை நிறுத்திட்டேன், டாக்டர். ஆடு, கோழி, முட்டை எதையும் தொடல. ராத்திரிக்கு ஒரு கப் பால், அவ்வளவுதான். அப்புறம் கொழுப்பு எங்கிருந்து வரும்? எல்லாம் முருகன் லா!”

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. “போன வருஷம்தானே உங்களுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க? சைவம் நல்லதுதான், ஆனா உங்களுக்கு அது மட்டும் போதாது. மாத்திரையை விட்டா மறுபடியும் அட்டாக் வர்ற ஆபத்து கூடும்.”

“விட்டும் இறங்கியிருக்கே! ரிப்போர்ட் பொய் சொல்லுமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தனலெட்சுமி தொண்டையைக் கனைத்தாள்.

“அவர் எங்க விட்டாரு, டாக்டர்? தினமும் பொடிச்சுப் பால்ல கலந்து நான்தான் கொடுத்தேன். பனங்கற்கண்டு போட்டதால தெரியல.”

சின்னத்தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அடுத்த நொடியே தன்னோடு காவடி எடுக்கும் நண்பன் திருச்செல்வத்தின் நினைவு வந்தது. அவனுக்கும் ஸ்டென்ட் உண்டு. அவசரமாகக் கைப்பேசியை எடுத்தார்.

“அலமாக்! என் பேச்சைக் கேட்டு அவனும் மாத்திரையை நிறுத்திட்டானே!”

“போனை வைங்க,” என்றாள் தனலெட்சுமி. “அவர் சம்சாரத்துக்கிட்ட நான் அன்னிக்கே பேசிட்டேன். அவரும் பால்தான் குடிக்கிறாரு.”