பரிவட்டம் கட்டிய தாத்தா

கோயிலில் தலைக்குப் பரிவட்டம் கட்டி நிற்கும் தன் செல்போன் படத்தை என் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, எழுபது வருஷத்துப் பழசாக்கித் தரச் சொன்னார் மாசிலாமணி.

"எதுக்குங்க?"

"முதல் மரியாதை எங்க தாத்தா காலத்துலேருந்து எங்களுக்குத்தான்னு காட்டணும். வெளிய மூச்சு விடாதீங்க."

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் செய்தேன். கைக்கடிகாரத்தை அழித்தேன். மீசையை முறுக்கிவிட்டேன். படம் முழுக்கப் பழுப்பேற்றி, ஓரத்தில் கறையான் அரித்த தடமும் வைத்தேன்.

பிரிண்டைப் பார்த்ததும் மாசிலாமணி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். கும்பிடப் போன கை பாதியில் நின்றது.

"தம்பி, கண்ணுல ஏதும் கை வச்சீங்களா?"

"இல்லீங்களே."

"பின்ன எதுக்குத் தாத்தா என்னைய, நீ யாருடாங்கற மாதிரி பாக்குறாரு?"